சேலம் வெயிலில் கார் பெயின்ட்: வாசலா, ஷெட்டா, பூத்தா?

எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பெயின்ட் வாங்க வருவதைவிடக் கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள். "அண்ணா, பம்பர் உரசிருச்சு, ஸ்பிரே டப்பா போதுங்களா?" "முழு பாடியும் அடிக்கணுங்க. பட்டறையில கொடுத்தா வழவழன்னு வருமா, இல்ல பூத் இருக்கிற இடத்துக்குத்தான் போகணுமா?" (பூத் என்றால் கார் பெயின்ட் அடிப்பதற்கென்றே தூசி புகாமல் மூடிக் கட்டிய அறை; பட்டறையைத்தான் ஷெட் என்கிறோம்.) சேலம் ஐந்து ரோடு பக்கம் கார் பெயின்ட் விற்கும் கடையில் பதினெட்டு வருடமாகக் கலர் கலந்து கொடுக்கிறேன். கவுன்ட்டரில் நின்றபடி இந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லி முடித்ததே இல்லை. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

இந்த வருடம் அதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்தது. என்னுடைய சில்வர் வேகன் ஆரின் இடது பக்கத்தை ஒரு டெம்போ தேய்த்துவிட்டுப் போனது. ஏற்காட்டில் இருக்கும் என் மைத்துனனின் வெள்ளை ஆம்னியில் கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து, கூரையில் பெயின்ட் செதில் செதிலாக எழும்பிவிட்டது. இரண்டையும் ஒரே மாதத்தில் அடித்தோம், ஆனால் ஒரே இடத்தில் கொடுக்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே அடிப்பது என்பதைக் காரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெள்ளை, சிவப்பு, மஞ்சள் மாதிரி சாலிட் கலர் என்றால், நல்ல கை உள்ள பெயின்டர் இருக்கும் ஷெட் போதும். சில்வர், கிரே மாதிரி மினுமினுக்கும் மெட்டாலிக் என்றால் கூடக் கொஞ்சம் செலவானாலும் பூத்துக்குப் போங்கள். பட்ஜெட், வண்டியின் வயசு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வழவழப்பு என்று எதைச் சொல்கிறோம்? டியூப்லைட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திக் கதவைப் பாருங்கள். டியூப்லைட்டின் உருவம் கதவில் நேர்க்கோடாக, விளிம்பு கத்தி மாதிரி விழுந்தால் ஃபினிஷ் நன்றாக வந்திருக்கிறது. விளிம்பு நெளிந்து, கமலா ஆரஞ்சின் தோல் மாதிரி குழி குழியாகத் தெரிந்தால் அதுதான் ஆரஞ்சு பீல். கம்பெனியிலிருந்து வரும் புது வண்டியிலும் இது லேசாக இருக்கும். அதனால் ஒரே ஒரு கதவை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டால், அது பக்கத்துக் கதவோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பேனல், அதாவது ஒரு கதவோ பானெட்டோ மட்டும் அடிப்பவர்கள் பக்கத்துப் பேனல் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஆரஞ்சு பீல் எப்படி வருகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும். ஸ்பிரே கன்னிலிருந்து பெயின்ட் துளித்துளியாகத்தான் பறக்கிறது. தகட்டில் விழுந்த துளிகள் ஒன்றோடு ஒன்று கலந்து, பரவி, சமமாகப் படிய வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பது பெயின்டை இளக்கக் கலக்கும் தின்னர். தின்னர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் துளி விழுந்த இடத்திலேயே விறைத்துப்போகும். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வெயிலில் நின்ற வண்டியின் பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தத் தகட்டில் சாதாரண தின்னர் கலந்து அடித்தால் பெயின்ட் தூளாகத்தான் படியும். மலையில் குளிர் என்பதால் அதே தின்னர் போகவே மாட்டேன் என்று நிற்கும். பெயின்ட் வழிந்து இறங்கும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் தின்னரையே மாற்ற வேண்டும்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம். முதல் வழி, பெயின்ட் அடிக்காமலே விடுவது. பெயின்ட் விற்பவன் இதைச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கடைக்கு வருகிற பத்து வண்டியில் மூன்று நான்குக்குத் தேவைப்படுவது ரப்பிங்கும் பாலிஷும்தான். கீறலின் குறுக்கே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் அந்தக் கீறல் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சோடு நின்றுவிட்டது. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசு), 3000, பிறகு கம்பவுண்ட் என்ற தேய்ப்புக் களிம்பு, பஃபிங் என்று போனால் மறைந்துவிடும். நகம் மாட்டினால் பெயின்ட் வேலைதான். ஒரு எச்சரிக்கை மட்டும். கம்பெனி கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெலிது. வருடத்துக்கு ஒரு தடவை கம்பவுண்ட் போட்டு மினுக்குகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதில் சில மைக்ரானைத் துடைத்து எறிகிறார்கள். அந்தத் தோல் தேய்ந்துபோன வண்டிகள்தான் கூரையில் வெள்ளை வெள்ளையாக உரிந்து கடைக்கு வருகின்றன.

இரண்டாவது வழி, ஸ்பிரே டப்பா. கண்ணாடி மூடி, பம்பர் மூலை, வீல் கப் இவற்றுக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். டப்பாவின் வாய் சிறியது, விசிறி குறுகலானது, அடிக்க அடிக்க உள்ளே அழுத்தமும் குறையும். ஒரு கதவை ஈரம் காயாமல் ஒரே மூச்சில் மூட அதனால் ஆகாது. கோடு கோடாகத்தான் வரும். சாதாரண டப்பாவில் ஹார்ட்னர், அதாவது பெயின்டோடு இணைந்து அதை இறுக வைக்கும் திரவம் கிடையாது என்பது இன்னொரு குறை. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் கலர் துணியோடு வந்துவிடும். பெட்ரோல் மூடி பக்கம் அடித்தால் சிந்துகிற பெட்ரோலே அதைக் கரைக்கும். அடியில் பொத்தானை அழுத்தி உள்ளே ஹார்ட்னரை உடைத்துவிடும் டூ கே (பெயின்ட், ஹார்ட்னர் இரண்டும் சேர்ந்த வகை) டப்பாவும் கிடைக்கிறது. நன்றாகவே இருக்கும், ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு ஓரிரு நாளில் மீதி எல்லாம் உள்ளேயே கட்டியாகிவிடும். எந்த டப்பாவாக இருந்தாலும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள், முதல் பூச்சை மெல்லிசாக விடுங்கள், பத்து நிமிடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது வழி, கம்ப்ரசரும் கன்னும் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வீட்டில் நாமே அடிப்பது. ஆசையோடு வருகிற இளைஞர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. கையில் தொழில் பழகுவது நல்லதுதான். ஆனால் சிக்கல் எங்கே வரும் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஒரு ஹெச்.பி. மோட்டாரும் சின்ன டேங்கும் உள்ள கம்ப்ரசர், பஞ்சர் கடைக்குப் போதும். கார் கன்னுக்குப் போதாது. கதவின் இந்த முனையில் தொடங்கும்போது இருக்கும் அழுத்தம் அந்த முனைக்குப் போவதற்குள் இறங்கிவிடும், துளி பெரிதாகும், முன்பாதி வழவழப்பாகவும் பின்பாதி ஆரஞ்சுத் தோலாகவும் ஒரே கதவு இரண்டு மாதிரி இருக்கும். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். டேங்கின் அடியில் இருக்கும் திருகைத் தினமும் திறந்துவிடாவிட்டால் பெயின்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

மூன்று வருடம் முன்பு இதை நாங்களே பட்டு அறிந்தோம். மைத்துனனுக்கு எஸ்டேட்டில் ஒரு பழைய கரும்பச்சை ஜீப் இருந்தது. காப்பிக் களத்தை ஒட்டிய கொட்டகையில் வைத்து அடித்துவிடலாம் என்று கம்ப்ரசரை மேலே ஏற்றினோம். நவம்பர் மாதம். காய்வதற்குச் சீக்கிரம் என்று என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்டை எடுத்துப் போனேன். அது என் தப்பு. டூகோ என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்கிறார்களே, அந்த வகை. 1920களில் அமெரிக்காவில் அந்தப் பேரில் வந்த நைட்ரோ செல்லுலோஸ் பெயின்டின் பெயர் நம் ஊரில் கார் பெயின்டுக்கே பொதுப்பெயராகிவிட்டது. மதியம் மூன்று மணிக்கு அடித்து முடித்தபோது ஜீப் பளபளவென்று இருந்தது. நான்கு மணிக்கு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கியது. "மாமா, இங்க வந்து பாருங்க" என்று அவன் கூப்பிட்ட குரலே சரியில்லை. பானெட் முழுக்க அரிசி மாவைத் தடவின மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அந்தத் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. தகடு குளிர்ந்ததும் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மறுநாள் வெயில் வந்த பிறகு மெதுவாகக் காயும் தின்னரை லேசாகத் தூவி ஓரளவு மீட்டோம். பழைய பளபளப்பு வரவில்லை. மலையில் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, காலை பத்தரை முதல் இரண்டு மணிக்குள். காற்றும் அங்கே மெலிது என்பதால் கம்ப்ரசர் டேங்க் நிரம்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். தகட்டில் பனி இறங்குகிற வெப்பநிலையைவிடத் தகடு 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

வீட்டில் அடிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் உண்டு. டூ கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவானத்தை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பழகிக்கொண்டால் பிறகு துளி அளவு பட்டாலே மூச்சு இறுகும். மூக்குக்கு வாசனை தெரிகிற அளவுக்கும் கீழேயே அது கெடுதல் செய்யும் என்பதால் வாசனையை நம்பிப் பயன் இல்லை. கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பே இல்லை. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் கொண்டுவந்து தரும் முகமூடிதான் இதற்குச் சரியான காப்பு. பக்கத்து வீட்டில் குழந்தை விளையாடும் சந்தில் இதை அடிக்கக் கூடாது. என் கவுன்ட்டரில் வாங்கிப் போன எத்தனையோ பெயின்டர் அண்ணன்கள் ஐம்பது வயசுக்குள் இன்ஹேலரோடு திரிவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, ஷெட். நெத்திமேடு, கொண்டலாம்பட்டி, ஓமலூர் ரோடு என்று ஊர் முழுக்க டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகள். தகரக் கூரை, மண் தரை அல்லது சிமென்ட் தரை, ஒரு கம்ப்ரசர், சுவரில் பெயின்ட் வழிந்த ஒரு காலண்டர். இங்கே அடித்து வந்த வண்டிகளில் கண்ணைப் பறிக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன், அழுகை வரும் வேலையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டிப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்பவர்களைப் பார்த்தால் இது தெரியும். மெருகு போடுவதற்கு முன்னால் அரத்தின் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் மெருகு அதை எடுத்துக் காட்டிவிடும். காரிலும் அப்படித்தான். பளபளப்பு கூடக்கூட அடியில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வரும். நான் நம்பும் ஒரு பெயின்டர் இருக்கிறார், அறுபதைத் தொடுகிறவர். பள்ளத்தை நிரப்பும் லப்பத்தைத் தேய்த்து, அடிப்பூச்சான பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு, கறுப்புப் பெயின்டை நிறையத் தின்னரில் கரைத்து மேலே தூசி மாதிரி லேசாக ஒரு பூச்சு விடுவார். பிறகு மரக்கட்டையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் கறுப்பு உட்கார்ந்திருக்கும். அந்தக் கறுப்புப் புள்ளிகளை விரலால் எனக்குக் காட்டி, "இது மறைஞ்சாத்தான் தம்பி பெயின்ட். மறையாம அடிச்சா ஆறு மாசம் கழிச்சு உனக்கே தெரியும்" என்றார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்குக் கீழே ஒரு பழைய வேட்டித் துணியை வைத்துப் பானெட்டின் நீளத்துக்குத் தடவினார். வெறும் கைக்குத் தெரியாத அலை துணி வைத்தால் தெரிகிறது. நானும் தடவிப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் அரை மயிரிழை பள்ளம் இருந்தது.

இந்த வேலைக்கு இரண்டு நாள் போகும். அவசரப்படும் ஷெட்டில் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். 80 நம்பர் பேப்பரில் லப்பத்தைத் தேய்த்துவிட்டு நேராகப் பிரைமருக்குப் போய்விட்டால், டெலிவரி அன்று நன்றாகத்தான் இருக்கும். சில வாரத்தில் பெயின்ட் இறுகி உள்ளே இறங்கும்போது அந்தக் கோடுகள் எல்லாம் மேலே வந்து நிற்கும். 80, 180, 320, பிரைமருக்கு மேல் 400, பேஸ் கோட் என்ற கலர் பூச்சுக்கு முன் 800 என்று படிப்படியாகப் போனார்களா என்று கேளுங்கள். கேட்டாலே மரியாதை கூடும்.

அடுத்தது தின்னர். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு இதே வேகன் ஆரின் பானெட்டை ஒரு ஷெட்டில் கொடுத்தேன். பெயின்ட், ஹார்ட்னர், வெயிலுக்கு ஏற்ற மெதுவான டூ கே தின்னர் எல்லாம் என் கையாலேயே கொடுத்தனுப்பினேன். மூன்றே மாதத்தில் பானெட் மங்கி, காக்கை எச்சம் பட்ட இடமெல்லாம் நிரந்தரத் தழும்பானது. திரும்பப் போனபோது நான் கொடுத்த தின்னர் டப்பா அலமாரியில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சம். கன் கழுவ வைத்திருந்த விலை குறைந்த என்.சி. தின்னரைக் கலந்து அடித்துவிட்டார்கள். அந்தத் தின்னரில் ஆல்கஹால் சேர்ந்திருக்கும். பெயின்டோடு இணைய வேண்டிய ஹார்ட்னர் அந்த ஆல்கஹாலோடு இணைந்து வீணாகும். பெயின்ட் கடைசிவரை முழுசாக இறுகாது. லிட்டருக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பானெட்டே போனது. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்: தின்னர் டப்பாவை உங்கள் கண் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள்.

ஷெட்டில் மூன்றாவது எதிரி தூசி. கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய ரோடுகளில் எழும் வெள்ளைத் துகள் மிகவும் நைசானது. ஒரு ஷெட் அந்தப் பக்கம் இருந்தால் மாசி, பங்குனிக் காற்றில் அங்கே வண்டியைக் கொடுக்காதீர்கள். நல்ல பெயின்டர் அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பார், மாஸ்கிங் பேப்பரைப் புதிதாக ஒட்டுவார், ஃபேனை நிறுத்துவார். கோடையில் காலை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பார். மார்கழியில் அந்த நேரம் தகட்டில் பனி இருக்கும், எட்டு மணி தாண்டட்டும். டயருக்குப் போடும் சிலிகான் பாலிஷ் பக்கத்து வண்டியில் அடித்துக்கொண்டிருந்தால் அன்று பெயின்டே வேண்டாம். காற்றில் வந்து படிகிற துளி போதும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும்.

அடிக்கும் கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். கன் தகட்டிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மணிக்கட்டு சுழலாமல் தகட்டுக்கு நேராகப் போக வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சுக்கும் இரண்டாவது பூச்சுக்கும் நடுவே மாஸ்கிங் பேப்பரில் விழுந்த பெயின்டை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். நூல் இழுத்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். ஒட்டினாலும் நூல் இழுக்காவிட்டால் அடுத்த பூச்சு. இந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்தால் உள்ளே சிக்கிய தின்னர் பிறகு ஊசித் துளையாக வெடித்து வெளியேறும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஷெட்டில் நாலைந்து தூசி விழத்தான் செய்யும். சாலிட் கலரில் அது பெரிய விஷயமே இல்லை. நன்றாக இறுகிய பிறகு 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, கம்பவுண்ட் போட்டால் தூசியும் போகும், லேசான ஆரஞ்சு பீலும் படிந்துவிடும். கதவின் மடிப்புக் கோட்டிலும் விளிம்பிலும் மட்டும் தேய்க்கக் கூடாது. அங்கே பெயின்ட் மெலிது, உடனே அடி தெரிந்துவிடும். இப்படித் தேய்த்துத் திருத்த முடிவதால்தான் வெள்ளை வண்டிக்கு ஷெட் போதும் என்கிறேன்.

மெட்டாலிக்கில் இந்தத் திருத்தம் நடக்காது. சில்வர் பெயின்டில் மினுக்குவது அலுமினியச் செதில்கள். பெயின்ட் ஈரமாக விழுந்தால் செதில்கள் மூழ்கிக் கலர் கறுக்கும். உலர்ந்து விழுந்தால் மேலே கிடந்து வெளிறும். ஒரே கலவை, ஒரே கன். காற்று ஒரு பக்கம் வீசினால் கதவின் பாதி ஒரு ஷேடு, மீதி ஒரு ஷேடு. மேலே கிளியர் அடித்த பிறகு அந்தத் திட்டுகள் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி மாட்டிக்கொள்ளும். கிளியரை எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருப்பதைத் தொட முடியாது. பேஸ் கோட்டில் விழுந்த தூசியும் அப்படியே. மறுபடி முழுசாக அடிப்பது ஒன்றுதான் வழி.

அதனால்தான் ஐந்தாவது வழியான பூத். கூரையிலிருக்கும் ஃபில்டர் வழியாகச் சுத்தமான காற்று கீழே இறங்கித் தரை வழியாக வெளியேறும். தூவானம் பக்கத்துப் பேனலில் போய்ப் படிவதற்குள் காற்று அதைக் கீழே இழுத்துவிடும். நாலு பக்கமும் விளக்கு இருப்பதால் கோடு விழுந்தால் பெயின்டர் அப்போதே பார்த்து, கடைசியாகக் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு லேசான பூச்சில் செதில்களைச் சமன் செய்துவிடுவார். பிறகு தகடு 60 டிகிரி சூட்டுக்கு வந்து அரை மணி நேரம் நிற்கும்படி சூடேற்றுவார்கள். ஷெட்டில் ஒரு இரவு முழுக்கக் காய வேண்டியது இங்கே தூசி படிவதற்குள் காய்ந்துவிடும்.

ஆனால் பூத் என்று போர்டு மாட்டியதெல்லாம் பூத் இல்லை. தகரப் பெட்டிக்குள் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்ததையும் பூத் என்றுதான் சொல்கிறார்கள். அது ஷெட்டைவிட மோசம், கதவு இடுக்கு வழியாகத் தூசியை உள்ளே இழுக்கும். உள்ளே போய்க் கூரை ஃபில்டரை அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தேய்ப்பு வேலையை யார் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். பூத் லப்பம் தேய்க்காது. அதை அனுபவமில்லாத பையனிடம் விட்டால், தூசியே இல்லாத, அலை அலையான கதவு கிடைக்கும்.

விலை, எனக்கு இந்த வருடம் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ஒரு பேனலுக்கு ஷெட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு, பூத்தில் ஐயாயிரம். ஆம்னி முழு பாடிக்கு ஷெட்டில் துரு வேலையோடு சேர்த்து முப்பத்திரண்டாயிரம். பூத்தில் கேட்டது கிட்டத்தட்ட இரு மடங்கு. நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிற வேலை இருக்கிறது. மைத்துனனுக்கு ஆலிவ் பச்சை ஆசை இருந்தது. அதைக் கேட்டதும் வெள்ளையே இருக்கட்டும் என்றுவிட்டான்.

வேகன் ஆரைப் பூத்தில் விட்டேன். இடது பக்கக் கதவு இரண்டும் பின் ஃபெண்டரும் அடிபட்டவை. முன் ஃபெண்டரில் அடி இல்லை, ஆனாலும் அதன்மேலும் கலரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோய் விடச் சொன்னேன். சில்வரைக் கதவு விளிம்பில் கோடு போட்ட மாதிரி நிறுத்தினால் எவ்வளவு சரியாகக் கலந்தாலும் வெயிலில் வித்தியாசம் தெரியும். என் கடையிலேயே வண்டியின் கலர் நம்பரைப் பார்த்துக் கலந்து, தகட்டுத் துண்டு மூன்றில் அடித்து, கிளியரும் போட்டு, பெட்ரோல் மூடியின் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரே கலர் நம்பருக்கு மூன்று சாயல் இருக்கிறது. நடுவில் இருந்தது பொருந்தியது.

ஆம்னியை மலையிலிருந்து இறக்கி அந்த அறுபது வயசு பெயின்டரிடமே விட்டோம். பதினொரு நாள் ஆனது. ஆறு நாள் துருவுக்கும் தேய்ப்புக்கும் மட்டும். அடித்த அன்று காலை ஏழு மணிக்கு நானும் போய் நின்றேன். தின்னர் டப்பாவை என் முன்னாலேயே உடைத்தார். இரவு டியூப்லைட்டைப் பிடித்துப் பார்த்தபோது கூரையில் ஆறு இடத்தில் தூசி இருந்தது. இறுகிய பிறகு தேய்த்ததில் ஆறும் போய்விட்டன. பக்கக் கதவின் அடியில் ஒரு சின்ன வழிசல் மட்டும் இன்னும் இருக்கிறது. அங்கே பெயின்ட் தடிமன் என்பதால் இப்போதே தொட்டால் இழுத்துக்கொள்ளும், நாலு வாரம் போகட்டும் என்றார் பெயின்டர். அதுவரை வேக்ஸ் போடாதே, காக்கை எச்சம் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடு என்று மைத்துனனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் மிளகு கொண்டு இறங்கும்போது வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.